கோணியிலிருந்து தாம்பூலப் பைக்கு

ராயபுரத்துக் கோணிக் கிடங்கு ஒன்றில் நானும் என் நாத்தனாரும் கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப்போடும் வேலை செய்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் சர்க்கரையும் உரமும் பிளாஸ்டிக் சாக்கில் வரத் தொடங்கின. அது கிழிந்தால் யாரும் தைப்பதில்லை, தூக்கி எறிந்துவிடுவார்கள். எங்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்த ஒருவர் கிடங்குக்கு வந்தார். தாம்பூலப் பையை இப்போது சணலில் கேட்கிறார்கள், தைக்க ஆள் உண்டா என்றார். முதலாளி எங்களைக் கைகாட்டினார். நாத்தனார் யோசிக்காமல் சரி என்றாள்.

வீட்டுத் தையல் மெஷினில் சணல் துணியை வைத்ததும் ஊசி உடைந்தது. தடித்த ஊசி போட்டு ஒருவழியாகத் தைத்து முடித்தோம். கடைக்காரர் ஒரு பையை முகர்ந்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். மண்ணெண்ணெய் வாசம். மில்லில் நாரை மிருதுவாக்க எண்ணெய் தெளிப்பார்கள். சாக்கோடே கிடந்த எங்கள் மூக்குக்கு அது தெரியவே இல்லை.

நாத்தனார் வாழ்க்கைப்பட்டது கடலோர நெட்டுக்குப்பத்தில். கடற்கரை வெயிலில் போட்டால் வாசனை ஓடிவிடும் என்று பைகளை எடுத்துப்போனாள். மண்ணெண்ணெய் ஓடித்தான் போயிற்று. பக்கத்தில் காய்ந்த நெத்திலியின் வாசம் ஏறிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. அவள் சிரித்தாள்.

வீணான அந்தப் பைகளை அவள் பக்கத்து வீட்டில் கருவாடு விற்கும் அம்மாவுக்குக் கொடுத்தாள். மறுவாரம் நான் அங்கே போயிருந்தபோது அந்த அம்மா தேடிக்கொண்டு வந்தார்.

"பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்துப் பூசணம் பூக்குது. இதுல காத்து போவுது, சரக்கு அப்டியே கீது. இன்னும் தச்சிக் குடும்மா."

அப்படித்தான் நாங்கள் எதிர்பாராத ஒரு சந்தை கிடைத்தது.

கடைக்காரருக்குத் தைத்துக் கொடுக்க வேறு சணல் துணி வாங்கினோம். இந்த முறை தைப்பதற்கு முன்பே சோப்புத்தூளில் அலசி, புளியந்தோப்பில் எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் காயவைத்தோம். துணி சுருங்கியது, ஆனால் கைக்கு மெத்தென்று ஆயிற்று. தைத்துக் கொடுத்த பைகளை அவர் வாங்கிக்கொண்டதோடு, புடவைக் கடைக்கு ஜிப் வைத்த பையும் வேண்டும் என்றார்.

ஜிப் வைக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனோம். மூன்றாம் மாடியில், ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்வரும் பெண் ஒருத்தி இருந்தாள்.

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. துணிய எடுத்துகினு வாங்கக்கா," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நான் ஒரு ஜிப்பை நேராக வைத்துவிட்டேன். நாத்தனாருக்குக் கோணலாக வந்தது. பிரித்துவிட்டு, மறுபடியும் தைக்க உட்கார்ந்தாள்.