மேற்கே போனவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை

நான் எழுதியதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டியது என் பள்ளிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான். அது அமெரிக்காவைப் பற்றியது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தருமபுரியே தூரதேசம். அமெரிக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வரலாற்று டீச்சர் பாடத்தைப் படம் காட்டுவதுபோல நடத்துவார். அன்றைக்குப் பலகை முழுக்க அமெரிக்காவை வரைந்து, கிழக்குக் கரையிலிருந்து மேற்கே அம்பு அம்பாகக் கோடு இழுத்தார். குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு போனார்கள், ஆறு குறுக்கிட்டது, மாடு செத்தது, ஆனாலும் போனார்கள். போன இடத்தில் முளை அடித்து, உழுது பயிர் செய்தவனுக்கு நிலம் சொந்தம். அங்கே முன்பே இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வருவதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் அவர்களை ஒரே வாக்கியத்தில் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, நீங்களும் அந்த வண்டியில் போனதாக நினைத்து இரண்டு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொல்லிப் போனார்.

மற்றவர்கள் வண்டியையும் மழையையும் எழுதினார்கள். நான் போய்ச் சேர்ந்ததை எழுதினேன். நாங்கள் இறங்கியபோது புல் இடுப்பளவு இருந்தது என்று எழுதினேன். ஒருவர் டேப் பிடித்தார், ஒருவர் முளை அடித்தார், ஒருவர் காகிதத்தில் குறித்தார். இங்கே யாராவது பயிர் செய்கிறார்களா என்று கேட்டார்கள். யாரும் இல்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு குரல் சொன்னது. உடனே குறித்துக்கொண்டார்கள்.

“நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கியேம்மா. எதைப் பாத்து எழுதின?” என்றார் டீச்சர்.

“சொந்தமா எழுதினேன் டீச்சர்.”

வகுப்பு கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேரில் பார்த்ததைத்தான் எழுதியிருந்தேன். அந்த வருடம் மே மாத லீவில் எங்கள் ஊருக்கு ஜீப்பில் மூன்று பேர் நிலம் அளக்க வந்திருந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் புளி அடிக்கப் போயிருந்தார்கள். ஊரில் இருந்தவர்களில் படிப்பாளி நான் ஒருத்திதான் என்பது என் அபிப்பிராயம். டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார்கள். கொல்லை கொல்லையாக அழைத்துப்போய் இது இன்னாருடையது என்று காட்டினேன். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்றுதான் சொல்வோம். கடைசியாக எங்கள் மேட்டுக்கொல்லைக்கு வந்தோம்.

அந்தக் கொல்லையை அப்பா ஆறப்போட்டிருந்தார். சில வருடம் சாமையும் ராகியும் விளைந்த மண்ணை அப்புறம் மூன்று வருடம் தொடாமல் விட்டுவிடுவது எங்கள் மலை வழக்கம். புள்ள பெத்தவளை மறுநாளே களை வெட்ட அனுப்புவாங்களா என்பார் அப்பா. விதைத்த கொல்லைக்குப் போவதைவிட ஆறுகிற கொல்லைக்குத்தான் அவர் அதிகம் போவார். கல் பொறுக்குவார், மாடு கட்டுவார், சும்மா உட்கார்ந்திருந்துவிட்டும் வருவார். வரும் ஆடியோடு மூன்று வருடம் முடிகிறது, விதைச் சாமை கூட எடுத்து வைத்தாயிற்று.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் விடுதியில் ஒருமுறை இதைச் சொல்லப்போய், “உங்க ஊர்ல நெலத்தைப் போட்டுட்டுத் தூங்குவீங்களாடி” என்று சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுப் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் இருந்தது.

“இதுல போன வருசம் என்ன வெச்சீங்க பாப்பா?” என்றார் காகிதக்காரர்.

“ஒண்ணும் வெக்கலீங்க சார்.”

“அதுக்கு முந்தி?”

“அப்பவும் இல்லீங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, “இதை விட்டுட்டாங்க சார், இப்ப யாருக்கும் வேண்டாம்” என்றேன். யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்த பொய் அது. அவர் எழுதிக்கொண்டார். போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தார்.

ஆடியில் அப்பா ஏர் பூட்டிக்கொண்டு போனபோது மேட்டுக்கொல்லை முழுக்கக் குழி வெட்டி மரக்கன்று நட்டிருந்தது. காலியாகக் கிடந்த நிலம், யாரும் உழக் கூடாது என்று சர்க்கார் பலகையும் இருந்தது. காலாண்டு லீவுக்குப் போனபோது அம்மா இதைச் சொல்லி அழுதார். அப்பா மனுவோடு ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் தவளை நன்றாகத்தான் இருந்தது, கெட்டது அப்பா.  ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

அப்புறம்தான் அந்தப் பாடமும் கட்டுரையும். அரையாண்டு லீவில் நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்த வருடம் முதன்முதலாக அப்பாவும் அம்மாவும் கர்நாடகத்துக் காபி எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் பேர் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அதுவும் மேற்கேதான். சாயங்காலம் அப்பா சாக்குப்பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் பாராட்டினார்கள் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாசித்தேன். ஒரு குரல் சொன்னது என்ற இடத்தை மட்டும் வேகமாக வாசித்துக் கடந்தேன்.

அப்பா, “காலின்னு சொன்னது யாரு பாப்பா?” என்றார்.

“அது சும்மா கதைப்பா.”

“இல்ல, சொன்னவங்க அப்புறமாச்சும் போய், தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லலாமில்ல? சொன்னா அவங்க கேப்பாங்களா?”

“அதெல்லாம் பாடத்துல இல்லப்பா.”

“சரி, அப்ப வுடு” என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி துணி அடுக்கப் போனார். படிக்காதவருக்கு அமெரிக்கா எங்கே புரியப்போகிறது என்று நினைத்து நான் நோட்டை மூடினேன். பிடிபடாமல் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

அதன்பின் வருடா வருடம் எஸ்டேட்தான். அந்தக் கூலியில்தான் நான் கல்லூரி முடித்தேன். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு, மனதில் கிடந்ததைத் தாங்கமாட்டாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

“அப்பாவுக்கு மொத நாளே தெரியும். உங்க பொண்ணுதான் சொல்லுச்சுன்னு ஆபீஸ்ல எழுத்தைக் காட்டியிருக்காங்க. அந்தப் பொண்ணக் கூட்டியாந்து, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, திருப்பி எழுதிக்கலாம்னும் சொல்லியிருக்காங்க. தானா வந்து சொன்னா கூட்டிட்டுப் போறேன், நானா இழுத்துட்டுப் போயி எம்புள்ளய அங்க நிறுத்த மாட்டேன்னுட்டாரு. கடைசியா தை பொறக்கறதுக்குள்ள வரணும்னு கெடு வெச்சாங்க. பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்குது, வர முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு.”

நோட்டை மூடிய அந்தச் சாயங்காலம் மார்கழியில். அதற்குப் பிறகும் லீவு ஒன்பது நாள் இருந்தது. அவர்கள் எஸ்டேட்டுக்குக் கிளம்பியது என் லீவு முடிந்த மறுநாள்தான். ஒன்பது நாளும் நான் அப்பாவோடு வீட்டில்தான் இருந்தேன்.