பிள்ளைகள் தலைமை தாங்கிய கூட்டம்

விசில்காரர் என்றால் அந்தப் பேருந்துத் தடத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். நடத்துநர். பெற்றவர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வாழ்க்கையில் பாதியை நின்றுகொண்டும் மீதியைக் கத்திக்கொண்டும் கழித்தவர். டிக்கெட் எடுக்காதவனின் முகத்தைப் பார்க்க மாட்டார், காதை மட்டும் கொடுப்பார். "ஏமாத்தறவன் எல்லாம் ஒரே வசனம்தான்யா சொல்லுவான். 'முன்னாடி எடுத்துட்டாங்க.' சொந்தமா ஒரு பொய் சொல்லக்கூடத் துப்பில்ல."

மகளின் பள்ளி அவரைப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தது. பழைய கூட்டம் அவருக்கு அத்துப்படி: டீச்சர் திட்டுவார், மகள் தரையைப் பார்ப்பாள், இவர் தலையை ஆட்டுவார். இது புதுசாம். பிள்ளைகளே தலைமை தாங்கித் தங்கள் படிப்பைப் பற்றித் தாங்களே சொல்வார்களாம். டீச்சர் வாயே திறக்க மாட்டாராம்.

மகளுக்கு இருந்தது ஒரே ஆசை, பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவு. மார்க் சுமார்தான், ஆனாலும் பிடித்த பிடியை விட்டதில்லை. ஒரு வாரமாகத்தான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டால் மழுப்பினாள்.

ஒரே அறையில் ஐந்து மேசை, ஐந்து குடும்பம். மகள் காகிதத்தோடு எழுந்து நின்றாள். "வணக்கம். என் பலம் ஒழுக்கம். என் பலவீனம் கணக்கு. ஆகவே கணக்குப் பிரிவு வேண்டாம் என்று நானே யோசித்து முடிவெடுத்திருக்கிறேன்."

விசில்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேசையில் ஒரு பையன், "நானே யோசித்து முடிவெடுத்திருக்கிறேன்" என்றான். அதற்கடுத்த மேசையிலும் அதே இழுவை, அதே இடத்தில் மூச்சு.

'முன்னாடி எடுத்துட்டாங்க!'

அவருக்குப் புரிந்துவிட்டது. வாசல் பலகையில் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி போட்டாக வேண்டும். தடுமாறுகிற பிள்ளையைப் பள்ளியே விரட்டினால் பெற்றவன் சண்டைக்கு வருவான். பிள்ளையே விலகிக்கொண்டால்? ஆட்டின் வாயிலேயே கத்தியைக் கொடுத்துவிட்டு, அதற்குத் 'தலைமை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

"யாரும்மா எழுதிக் குடுத்தது?"

மகள் டீச்சரைப் பார்த்தாள். வாயே திறக்கக்கூடாத டீச்சர் திறந்தார். "குறுக்க பேசாதீங்க சார். குழந்தையோட ஃப்ளோ போயிடும்."

"அஞ்சு மேசையிலயும் ஒரே குழாய்த் தண்ணிதானே டீச்சர் ஓடுது?"

பக்கத்து மேசை அம்மா களுக்கென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது அவளே எடுத்த முடிவு சார்."

"சரி, அப்போ அந்தக் காகிதம் எதுக்கு? குடும்மா இப்படி." வாங்கி மேசையில் கவிழ்த்தார். "இப்போ சொல்லு கண்ணு. வேண்டாம்னாலும் சரிதான். ஆனா உன் வாயிலிருந்து வரட்டும்."

மகள் கவிழ்ந்த காகிதத்தையே பார்த்தாள். "வேணும்பா. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வேணும்."

டீச்சர் இவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஃபெயிலானா யார் பொறுப்பு?"

"என்னை ஏன் கேக்கறீங்க? தலைமை அங்க நிக்குது பாருங்க."

"நான்தான் மிஸ் பொறுப்பு," என்றாள் மகள்.

எழுதிக் கொடுத்ததில் அந்தப் பதில் இல்லாததால், டீச்சருக்கு அடுத்த வரி தெரியவில்லை. மகளின் பதினோராம் வகுப்பு விண்ணப்பத்தை இழுத்து 'கணக்கு' என்று எழுதினார், காகிதம் கிழிகிற அழுத்தத்தில்.

படியிறங்கும்போது மகள் முணுமுணுத்தாள். "இங்கயும் வந்து கத்தணுமாப்பா? மானமே போச்சு."

"போடி. கத்தாம எந்த வண்டி நின்னிருக்கு?"