சுலைகா மிஸ்ஸும் இரண்டு தீக்குச்சிகளும்

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில், வேதியியல் ஆய்வகத்தில் பதினொன்றாம் வகுப்புக்குச் செய்முறை நடந்துகொண்டிருந்தது. மேசை மேலிருந்த கைபேசி அதிர்ந்தது. சுலைகா மிஸ்ஸின் கணவர் பஷீர் அண்ணன், பள்ளி நேரத்தில் என்னை அழைப்பவர் அல்லர். எடுத்தேன். "சுலைகா பூட்டாம்மா" என்றார். "காலைல எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு நாற்காலில உக்காந்தா. அப்பிடியே சாஞ்சிட்டா" என்றார். மாணவிகளிடம் பர்னர்களை அணைக்கச் சொன்னேன். சட்டென்று எல்லாவற்றையும் அணைத்தார்கள். என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளி மலரில் இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் சுலைகா மிஸ்ஸின் விசிலுக்கு ஓடியவர்கள். மீதிப் பேர் அவரோடு ஆசிரியர் அறையில் சோறு தின்றவர்கள். இருந்தாலும் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை அவர், சாரணியர் குழுவை நடத்தியவரும் அவரே. பூந்தமல்லியில் தகரப் பெட்டியும் புனலும் செய்கிறவரின் மகள், சேக்காட்டுக்கு மருமகளாக வந்தவர். வீட்டில் பேசும் தமிழையே தலைமையாசிரியை முன்பும் பேசினார். சக ஆசிரியர்களைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார், பாடத்தைச் சொல்லித்தான் அழைப்பார். என்னைவிட மூன்று வயது மூத்தவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் நான் "கெமிஸ்ட்ரி"யாகவே இருந்தேன்.

நாங்கள் நெருங்கியது ஓர் இனிப்புப் பெட்டியால். ஒருநாள் ஆசிரியர் அறை மேசையில் கடைப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே வரிசையாக, வெண்மையும் பழுப்புமாகச் சிறு உருண்டைகள். கணித ஆசிரியர் ஒன்றை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு கடி கடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். விழுங்கவும் முடியவில்லை, பெண்கள் நடுவில் துப்பவும் கூச்சம். அப்போது சுலைகா மிஸ் உள்ளே வந்தார்.

"அய்யே, இன்னா மேத்ஸு, அது மெழுகுவத்தி நைனா! மரத்தூள் போட்டு ஊத்தி வச்சிக்கீறேன். கேம்புல அடுப்பு பத்த வைக்கறதுக்கு."

கணித ஆசிரியர் சன்னலுக்கு ஓடினார். "இனிமே வவுறு எரியுதுன்னு எங்கிட்ட வராத" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார் சுலைகா மிஸ். நான் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினேன். பிறகு ஓர் உருண்டையைக் கையில் எடுத்து, இதில் மரத்தூள்தான் திரி, மெழுகு உருகி அதில் ஏறி எரிகிறது என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி நாளா எங்க இருந்த நீ?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சேக்காட்டு வீட்டு மொட்டை மாடிக்குப் போகத் தொடங்கினேன். மூன்று செங்கல், ஒரு பழைய அலுமினியக் குண்டான். முட்டை அட்டையின் குழிகளில் மரத்தூளை நிரப்பி, எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி ஊற்றுவார். பஞ்சில் வாசலைன் தடவி உருட்டி வைப்பார். காய்ந்த ஆரஞ்சுத் தோல், பனை மரத்துப் பன்னாடை, மழைக்காலத்துக்கென்று துண்டுபோட்ட சைக்கிள் டியூப். ஒவ்வொன்றும் எத்தனை நேரம் எரிகிறது என்று விளையாட்டு விழாவில் நேரம் குறிக்கும் கடிகாரத்தை வைத்துப் பார்ப்பார். பஷீர் அண்ணன் படிக்கட்டில் நின்று என்னிடம் முறையிடுவார்: "கீழ கேஸ் அடுப்பு கீது. இவ மேல சுள்ளி பொறுக்கிகினு கீறா. நீயாவது சொல்லும்மா, படிச்சவதானே." நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த உருண்டையை எடுத்துக் கொடுப்பேன்.

இவ்வளவு தந்திரம் தெரிந்தவர் ஓர் இடத்தில் மட்டும் ஒன்றையும் அனுமதிக்கமாட்டார். சாரணியர் தேர்வில் ஒரு பெண்ணுக்கு இரண்டே இரண்டு தீக்குச்சிகள். அந்த இடத்தில் தரையில் கிடப்பதைப் பொறுக்கித்தான் மூட்ட வேண்டும், ஒரு குவளைத் தண்ணீர் கொதிக்க வேண்டும். மெழுகும் டியூபும் மற்ற நாள் சமையலுக்கு. "பசிக்கு எப்படி வேணா பத்த வை. பரீட்சைக்குக் கைய மட்டும் கொண்டா" என்பார்.

இனி நான் சொல்லப்போவது, அவர் யாரிடமும் சொல்லாதது. முகாமுக்கு வந்திருந்த பெண்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் யாழினி அப்போது எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவளுக்குப் பேச்சு திக்கும். மூன்று வயதிலிருந்தே அவள் தொடங்கும் வாக்கியத்தை நான் முடித்துவைத்தேன். கடையில், மருத்துவரிடம், உறவினர் வீட்டில், எங்கும். வகுப்பில் நானில்லாததால் அவள் வாயே திறக்கவில்லை. சாரணியர் குழுவில் சேர்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து எதையாவது காட்டினாள்: ஒரு முடிச்சு, ஒரு விசில் சைகை. அந்த ஆண்டுத் தேர்வில் தேறினால் மாநில முகாமுக்குப் போகலாம். பத்து நாள், என்னைவிட்டு முதல் தடவையாக. அவள் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தேர்வு, பாரிவாக்கத்துப் பக்கம் ஏரியை ஒட்டிய ஒரு திடலில் நடந்தது. மூன்று நாள் முகாம். முந்தைய வாரம் மழை பெய்திருந்தது. சுள்ளியெல்லாம் ஈரமாக இருக்கும், எதை ஒடித்தாலும் சத்தமே வராது என்று புறப்படும் முன்பே எனக்குத் தெரியும். ஆகவே வீட்டில் ஒரு காரியம் செய்தேன். தேங்காய் நாரைப் பிரித்துக் குருவிக்கூடு போலச் சுற்றி, உள்ளே கற்பூர வில்லைகளைப் பொடித்து வைத்து, யாழினியின் பையில் துண்டுக்கு அடியில் செருகினேன். "குச்சி அணைஞ்சா மட்டும் எடு" என்றேன். கற்பூரம் எத்தனை எளிதில் பற்றும் என்று வகுப்பெடுக்கிற எனக்கு, அதற்கு வாசனை உண்டு என்பது நினைவுக்கே வரவில்லை.

நேரம் பார்ப்பவளாக நானே நின்றேன். ஐந்து பெண்கள், ஐந்து அடுப்புகள். யாழினியின் முதல் குச்சி அணைந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். இரண்டாவது குச்சிக்கு நெருப்பு குபீரென்று எழுந்தது. கூடவே அந்தத் திடல் முழுவதும் கோயில் மணம்.

சுலைகா மிஸ் நடந்து வந்தார். அடுப்பருகே குந்தி மூக்கை உறிஞ்சினார். "இன்னா யாழினி, ஏரிக்கரைக்குச் சாமி வந்து எறங்கிக்கீதா? ஒரு தேங்கா ஒடச்சிடலாமா?" பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் பார்த்தது யாழினியை அல்ல, என்னை. தண்ணீர் கொதித்தது. குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த அடுப்புக்குப் போய்விட்டார்.

பிற்பகல் குழாயடியில் கரி பிடித்த குண்டானைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"கெமிஸ்ட்ரி, டபாய்க்காம சொல்லு. நார்ல கற்பூரம் வச்சது யாரு? கொழந்தையா, நீயா?"

"எனக்குத் தெரியாது மிஸ். அவளாத்தான் வச்சிருப்பா."

என் வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. பெற்ற மகளின் தலையில் பழியைப் போட எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடத் தேவைப்படவில்லை. பள்ளியில் என் பெயர் என்ன ஆகும் என்பது மட்டும்தான் அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சரி. அப்ப காலைல வட்டத்துல அவளையே கேட்டுக்கறேன்."

முகாமின் கடைசிக் காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, தான் செய்த தப்பு ஒன்றை அவரவர் வாயால் சொல்வது அவர் வைத்திருந்த வழக்கம்.

"எல்லார் முன்னாடியும் அவ எப்படி மிஸ் பேசுவா?"

"வாயாலதான்."

மறுநாள் காலை வட்டத்தில் சுலைகா மிஸ் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் வாய் திறக்கும் முன்பே யாழினி எழுந்துவிட்டாள். "நா... நா..." என்றாள். பழக்கத்தில் என் வாய் தானாகத் திறந்தது. சுலைகா மிஸ் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "கம்முனு இரு" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே. எதிர்ப்பக்கம் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். ஒரு பார்வை பார்த்தார், அதுவும் நின்றது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கடிகாரம் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் க... க... கற்பூரம் வச்சேன் மிஸ். அ... அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

முந்தைய நாள் நான் சொன்ன பொய்யை அவள் கேட்டிருக்கவில்லை. எனக்காக அதே பொய்யைத் தானாகவே புனைந்து, அத்தனை பேர் முன்னால், அத்தனை பாடுபட்டுச் சொல்லிவிட்டு நின்றாள்.

சுலைகா மிஸ் என் மணிக்கட்டை விட்டுவிட்டார். நான் எழுந்து, "அவ வைக்கல, நான்தான் வச்சேன்" என்றேன். "மிஸ், சத்தமா... கேக்கல" என்றாள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மாணவி. வகுப்பில் நான் தினமும் சொல்கிற அதே தொனியில். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

"யாழினி, பரீட்ச ஃபெயிலு. அடுத்த வருஷம் வா. கெமிஸ்ட்ரி, நீயும் ஃபெயிலு. உனக்கு அடுத்த வருஷமும் கெடயாது" என்றார். வட்டமே சிரித்தது, யாழினி உட்பட. பிறகு அவர் பெண்களிடம் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன்: "ரெண்டு குச்சியும் அணஞ்சிச்சின்னா அழுதுகினு நிக்காதீங்க. பக்கத்து அடுப்புல போயி ஒரு கொள்ளி குடுன்னு கேளுங்க. மார்க்கு பாதி போவும், போவட்டும். கேக்கறதுல தப்பில்ல. கொண்டாந்து ஒளிச்சி வைக்கறதுதான் தப்பு."

யாழினி அந்த ஆண்டு மாநில முகாமுக்குப் போகவில்லை. நான் நேர்மையாக எழுதுவதாக இருந்தால் இதையும் எழுத வேண்டும்: எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தப்பு என்னுடையது என்று தெரிந்தேதான் வந்தது. மதியச் சாப்பாட்டை ஆய்வகத்துக்கு மாற்றிக்கொண்டேன். பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. பதினாறாம் நாள் ஆய்வகத்துக்குள் வந்தவர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் ஒரு சதுர பேட்டரியையும் என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத்த ஒரசினா நெருப்பு வரும்ன்றாங்க, வரமாட்டேங்குது. கோவத்த அப்பறமா வச்சிக்கோ, மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு."

"இது எவர்சில்வர் நார் மிஸ், பத்தாது. மெல்லிசா இரும்பு நார் வேணும்" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. என் டப்பாவிலிருந்து ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அப்போதுதான் கேட்டேன், அந்தக் காலையில் யாழினியை ஏன் அப்படிப் பேசவைத்தீர்கள் என்று.

"நான் எங்க பேச வச்சேன்? அவளாத்தான் எழுந்தா. நான் உன்னத்தான் புட்ச்சிகினு இருந்தேன்."

அடுத்த ஆண்டு யாழினி ஒரே குச்சியில் தேறினாள். மாநில முகாமுக்குப் போனாள். சளி பிடித்து நான்காம் நாளே திரும்பி வந்து, ஒரு வாரம் என் மடியில் படுத்திருந்தாள். சுலைகா மிஸ் கோழி ரசம் கொண்டுவந்து கொடுத்தார். "இதுக்காடி உங்கம்மா கற்பூரம் ஒளிச்சி வச்சா?" என்று கேட்டுவிட்டு இரண்டு பேரையும் சேர்த்துச் சிரிக்கவைத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை அடக்கத்துக்கு எடுத்துப் போகும் முன் சேக்காட்டு வீட்டு வாசல் நிறைந்திருந்தது. யாழினி இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ரயிலைப் பிடித்து வந்தவள் நேராகப் பஷீர் அண்ணனிடம் போனாள். நான் அவள் தோளையொட்டி நின்றேன். "மா... மாமா, மி... மி..." என்று தொடங்கி அங்கேயே நின்றாள். சுற்றிலும் அவசரம். ஆட்கள் வழிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய உறவினர் ஒருவர், "மிஸ்ஸா? மிஸ்ஸ பாக்கணுமாம்மா?" என்று கேட்டார். அடுத்து அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். 'மிஸ் ரொம்ப நல்லவங்க.' யாரும் சொல்வது. என் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பஷீர் அண்ணன் கண்ணைத் துடைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ் ஒரு நாள்கூட எங்கிட்ட ச... சீக்கிரம் சொல்லுன்னு சொன்னதில்ல மாமா."

நான் தயாராக வைத்திருந்த வாக்கியம் அதுவல்ல. இத்தனை வருடங்களாக அவளுக்காக நான் முடித்துவைத்த வாக்கியங்களில் எத்தனை அவளுடையவையே அல்ல என்பது, அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

சுலைகா மிஸ்ஸின் கை வேலை எதுவும் எனக்கு வரவில்லை. ஈர விறகை இன்றும் என்னால் மூட்ட முடியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். என் மகள் பேசத் தொடங்கினால், அவள் முடிக்கும்வரை நான் காத்திருக்கிறேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது எனக்குத் தெரியாது.