ஒடிந்த இலை மார்க்

நாராயணத்தேவன்பட்டியைத் தாண்டும்போது மணி மூன்று இருக்கும். கம்பத்தில் மினிபஸ் ஏறியிருந்தால் இந்நேரம் சுருளிப்பட்டி போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு வேலையை விட்டு வெளியே வந்தால் முதலில் நடப்பது என் பழக்கம். திருப்பூரில் பனியன் பிரிண்டிங்கை விட்டபோது அவிநாசி வரை நடந்தேன். ஆண்டிபட்டியில் ஃப்ளெக்ஸ் கடையை விட்டபோது வைகை அணை வரை நடந்தேன். நடந்து முடிப்பதற்குள் அடுத்து எங்கே போவது என்று ஏதாவது தோன்றிவிடும்.

இந்த முறை போகும் இடம் தெரிந்திருந்தது. பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு பென் டிரைவ், ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தன. அந்த ஃபிலிமைப் பொழுது சாய்வதற்குள் சுருளிப்பட்டியில் செல்வராணி அக்காவிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மறுநாள் வெட்டப்போகும் திராட்சை மார்க் இல்லாமல் மலையேறும்.

டிசைனிங் கற்றுக்கொண்டு புதிதாகக் கடைகளில் உட்காருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோரல் டிராவை எப்படி ஓட்டுவது என்பதற்கு வீடியோக்கள் போதும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பத்துக்கு மேற்பட்ட கடைகளில் பக்கத்துச் சீட்டுக்காரன் கையைப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றவன். ஷார்ட்கட் கீ எல்லாம் விரல்களில் இருந்தது. என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

ஸ்டென்சில்

கம்பத்தில் நான் வேலை பார்த்தது ஒரு சின்ன டிசைன் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு கலர் லேசர் பிரிண்டர். விசிட்டிங் கார்டு, பில் புக், காதுகுத்துப் பத்திரிகை, ஏலக்காய்க் கடைக்கு லோகோ என்று வேலை வரும். நாங்கள் டிசைன் போட்டு ஃபைலை சிவகாசிக்கு அனுப்புவோம். அங்கே பத்து ஊர்க் கார்டுகளை ஒரே ஷீட்டில் சேர்த்து அடித்து, லேமினேஷன் போட்டு, வெட்டி, பார்சலில் அனுப்புவார்கள். நான்கு நாள் ஆகும். முதலாளி ஜெயசீலன் அண்ணன் கவுண்டரில் இருப்பார். ராத்திரி படுக்கக் கடையின் பின்பக்கம் இடம் கொடுத்திருந்தார். மிச்சம் விழுந்த ஃப்ளெக்ஸ்தான் பாய். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

செல்வராணி அக்கா ஒரு மாதத்துக்கு முன் கடைக்கு வந்தார். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறார். வியாபாரிக்குக் கொடியோடு விடாமல் தானே வெட்டி, தானே மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். பிளாஸ்டிக் பெட்டிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி. எனவே ஒவ்வொரு பெட்டியிலும் பழத்தின் மேல் ஓர் அட்டை வைப்பார்கள். அந்த அட்டையில் இருப்பதுதான் அவரவர் மார்க்.

அவருடைய மார்க் ஓர் இலை. கை முறிந்தபோது எடுத்த தன்னுடைய எக்ஸ்ரே ஃபிலிமில் பிளேடால் அவரே வெட்டிய ஸ்டென்சில். பழைய அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, அதன்மேல் ஃபிலிமை வைத்து, ஸ்டாம்ப் பேடு மையை ஸ்பாஞ்சில் தொட்டு ஒத்துவார். நீல நிற இலை விழும். வெட்டும்போது பிளேடு சறுக்கியதில் இலையின் வலது பாதி நடுவில் ஒடிந்து கீழே தொங்குவது போல இருக்கும். பல வருடமாக அதுதான் போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வெட்டுக்கும் அட்டை கிழித்து மை ஒத்தி அலுத்துவிட்டது, இதையே அச்சில் போட்டுக் கொடுங்கள் என்றார். ஃபிலிமை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஸ்கேன் செய்தேன். கோரலில் போட்டு டிரேஸ் எடுத்தேன். ஒடிந்த பாதி கண்ணை உறுத்தியது. அதை டெலீட் செய்தேன். நல்ல பாதியைக் காப்பி எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல மிரர் செய்து, இரண்டையும் ஒன்றாக வெல்ட் செய்தேன். நீல இலை எங்கேயாவது உண்டா என்று பச்சை கிரேடியன்ட் கொடுத்தேன். கீழே லேசாக ஒரு நிழல். ஐந்து நிமிட வேலை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. அச்சுக்கு முன் காட்டுகிற ப்ரூஃபை ஜெயசீலன் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சரி என்று உயர்த்திய பெருவிரல் படம் பதிலாக வந்தது. ஐயாயிரம் கார்டுக்கு ஃபைலை சிவகாசிக்கு விட்டோம்.

ஸ்கேன் முடிந்த ஃபிலிமை என்ன செய்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

பெருவிரல்

அன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தார். பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"இதுல என் எலை எங்க தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் உட்காராமலே நடந்ததைச் சொன்னார். புதுக் கார்டு வைத்த முதல் லோடு இரண்டு நாளுக்கு முன் போயிருக்கிறது. மார்க்கெட்டில் அவருக்கு ஜோயி என்று ஒரு தரகர். விடிவதற்கு முன்பே சரக்கை இறக்கி அடுக்குவார்கள். வண்டிக்காரர்களும் சின்னப் பழக்கடைக்காரர்களும் வந்து, வெளிச்சம் போதாத அந்த நேரத்தில் தூரத்திலிருந்தே மார்க்கைப் பார்த்துப் பெட்டியில் கை வைப்பார்கள். ஜோயி அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார்.

"ஒடிஞ்ச எலை இன்னும் வரலியே சேச்சின்னு கேக்காக. என் பெட்டியெல்லாம் அவுக காலடியில இருக்கு. வந்து எறங்கிருச்சு, நல்லாப் பாருங்கன்னா, இங்கன பச்சை எலை நாலஞ்சு பேரோடது கெடக்கு, இதுல ஒங்களோடது எதுன்னு கேக்காக. தமிழ்ல போட்ட பேரு அங்கன யாருக்குப் படிக்கத் தெரியும்?"

பெட்டிகளைப் பிரித்து எடுப்பதற்குள் எடுக்கிறவர்கள் வேறு சரக்கை எடுத்துப் போய்விட்டார்கள். பன்னீர் திராட்சை காத்திருக்காது. மதியத்துக்குமேல் ஜூஸுக்குத் தள்ளினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் முன்வரிசையில் உங்கள் பெட்டி அடுக்கும் இடத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று ஜோயி சொல்லியிருக்கிறார். அந்த இடத்தைப் பிடிக்க அக்காவுக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அடுத்த வெட்டு மறுநாள் காலை. இருநூறு பெட்டி.

ஜெயசீலன் அண்ணன் போனைத் திறந்து அந்தப் பெருவிரலைக் காட்டினார். "ப்ரூஃப் அனுப்புனோம், நீங்க சரின்னு காட்டுனீக. அதுக்கப்புறம் அச்சுக்கு விட்டோம். எங்க மேல என்னக்கா தப்பு?"

"காட்டுனேன். இல்லங்கல. கொடிக்கு மருந்தடிச்சுக்கிட்டு நிக்கேன். வெயில்ல போன்ல என்ன தெரியும்? எலை இருந்துச்சு, பேரு இருந்துச்சு, சரின்னுட்டேன். ஒடிஞ்சத நீங்க ஒட்டவைப்பீகன்னு நான் கண்டேனா?"

"ஸ்டென்சில்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடித்தான் நம்மாளு போட்டுருப்பாரு" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. கடைக்காரர் கேட்கிறபோது கடைப்பையன் சொல்லவேண்டியதும் அதுதான்.

"இல்லண்ணே. ஒடிஞ்ச பாதிய நாந்தான் எடுத்துட்டு மிரர் போட்டேன். பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அசிங்கமாத்தான் இருக்கும். அதப் பாத்துத்தான எடுக்கிறாக."

மறுபடி அடிக்க வழியில்லை. சிவகாசிக்கு நான்கு நாள். எங்கள் லேசர் பிரிண்டருக்கு டிரம் கெட்டுப்போய், புதியது மதுரையிலிருந்து வரவேண்டியிருந்தது. என் ஃபிலிமையாவது கொடுங்கள், பழையபடி மை ஒத்திக்கொள்கிறேன் என்றார் அக்கா. டிராயர், ஸ்கேனருக்குப் பின்பக்கம், பழைய பேப்பர்க் கட்டு எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணன் கேட்டார்: "ஏலே, ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா?"

அக்கா வைத்துவிட்டுப் போன கார்டைக் கீபோர்டிலிருந்து எடுத்தேன்.

"நாளைக்கு ஊருபூராப் பெருவெரலக் காட்டிட்டு, இங்கன வந்து சண்டைக்கு நிப்பாக. நீயா கடை நடத்துற?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ப்ரூஃப் ஓகே ஆனபின் கடை பொறுப்பேற்றால் இந்தத் தொழிலில் யாரும் கடை நடத்த முடியாது. மத்தியானம் கணக்கு முடித்து, வேறு இடம் பார்த்துக்கொள் என்றார்.

போகும்போது மேஜையைத் துடைத்து வைப்பது என் வழக்கம். மௌஸைத் தூக்கினேன். அடியில் ஃபிலிம் இருந்தது. மௌஸ் பேடு கிழிந்துபோனதிலிருந்து வழவழப்பாக ஓடட்டும் என்று அதைத்தான் போட்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இலை வெட்டிய ஓரம் கீபோர்டுக்கு அடியில் போயிருந்தது. ஒரு மாதமாக அக்காவின் கை எலும்புமேல் மௌஸை நகர்த்தி, ஊரார் லோகோவையெல்லாம் நேராக்கியிருக்கிறேன்.

பின்பக்கம்

சுருளிப்பட்டிக்கு வெளியே பந்தல் தோட்டங்கள் ஆரம்பித்துவிடும். அக்காவின் தோட்டத்து ஷெட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவர் காலிப் பெட்டிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபிலிமை நீட்டினேன். எங்கே இருந்தது என்றும் சொன்னேன்.

வாங்கிப் பார்த்தார். "இத வச்சு எதுல ஒத்த? புது அட்டை வந்துருச்சுன்னு பழைய பெட்டி அட்டையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டுட்டேன்."

ஷெட்டின் மூலையில் எங்கள் கார்டு நாலாயிரத்து எண்ணூறு இருந்தது. அவர் ஒன்றை எடுத்து, பச்சை இலைமேலேயே ஃபிலிமை வைத்து மையை ஒத்தினார். லேமினேஷன் மேல் மை நிற்காது. முத்து முத்தாகத் திரண்டது. விரல் பட்டதும் வழித்துக்கொண்டு வந்தது. கார்டைக் கீழே போட்டார்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. சிவகாசியில் இந்த விலைக்கு ஒரு பக்கம்தான் லேமினேஷன் போடுவார்கள். மறுபக்கம் வெறும் அட்டை. கார்டைத் திருப்பி வைத்து ஒத்தச் சொன்னேன். மை அப்படியே இறங்கியது. ஊதினார். தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. வெள்ளைப் பரப்பில் நீல இலை, வலது பாதி ஒடிந்து தொங்கியது.

அவர் அதை ஒரு பெட்டியில் வைத்துப் போட்டோ எடுத்து ஜோயிக்கு அனுப்பினார். இந்த முறை பெருவிரலுக்குக் காத்திருக்கவில்லை, போனிலேயே கூப்பிட்டார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். ஸ்பீக்கரில் பதில் எனக்கும் கேட்டது.

"இது மதி சேச்சி. அயச்சோ."

இது போதும், அனுப்புங்கள் என்று அர்த்தம். அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டார். கடையில் என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன்.

"காலையில அஞ்சரைக்கு வெட்டு. மை ஒத்த ஆளு இல்ல. எல்லாருக்கும் உள்ள கூலிதான். வர்றதுன்னா இங்கனயே படுத்துக்க" என்றார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் மார்க்கைக் கொண்டுவந்து கொடுத்தால், இதை யார், எங்கே, எந்த வெளிச்சத்தில் பார்த்து எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்ட பிறகு மௌஸைத் தொடுங்கள். எதையாவது மாற்றினால் வாயால் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பெருவிரலை நம்பி அச்சுக்கு விடாதீர்கள். எனக்கு இது தெரிய ஒரு பெண்ணின் ஒரு லோடு பழம் ஜூஸுக்குப் போனது.

மறுநாள் விடியும்போது பந்தலுக்குள் கத்தரிச் சத்தம் கேட்டது. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முன்னால் கார்டுகளைப் பின்பக்கம் மேலாகப் பரப்பினேன். முதல் பத்து வீணாயிற்று. மை அதிகம் தொட்டுவிட்டேன், ஓரமெல்லாம் கசிந்தது. ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டுத் தொட்டால் போதும் என்று அக்கா காட்டினார்.

பழம் அடுக்கிய பெண்களில் ஒருவர் ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு அழகா அடிச்சிருக்கு, இத ஏன்யா கவுத்து வைக்கிறீக?"

"அதப் பழம் பாக்கட்டும்" என்றார் அக்கா.

லேமினேஷன் பக்கம் கீழே இருந்ததால் பழத்தின் ஈரம் அட்டையில் ஏறவில்லை. என் டிசைன் அந்த அளவுக்குப் பயன்பட்டது. நாற்பது பெட்டி போல் முடிந்தபோது கை பழகிவிட்டது. இலை ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் ஒடிந்து விழ ஆரம்பித்தது. இன்னும் நூற்று அறுபது இருந்தது. லாரி பதினோரு மணிக்கு வரும் என்றார்கள். அடுத்த கார்டை எடுத்தேன்.