காப்புக் கட்டிய சுவிட்சு

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் மூன்றாண்டு, அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். ஆனால் சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு சுவிட்சு ஞாபகத்துக்கு வரும்போதெல்லாம் தனியாகச் சிரித்துவிடுகிறேன். வீட்டில் காரணம் கேட்கிறார்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கிள்ளானில் ஓர் ஒயரிங் கடையில் வேலை செய்தேன். ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு டிரைவர் அண்ணன் அங்கே வருவார். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய லோரி அவருடையது. உண்மையில் தோட்டத்துடையது; அவர் அதைத் துடைப்பதைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆண்டு முழுவதும் சேற்றுப் பாதையில் பழக்குலை ஏற்றும் அந்த லோரியில், திருவிழா நாளில் மட்டும் ரதத்தைக் கட்டி மாரியம்மனை ஏற்றுவார்கள். டிராக்டரைத் தவிர வேறு எந்த வண்டியும் அந்தச் சேற்றைத் தாண்டாது.

ஊர்வலம் நிற்கும் இடங்களில் பூசைக்குப் புகை ஆகாதென்று எஞ்சினை அணைத்துவிடுவார்கள். ரதத்து விளக்குகளும் ஒலிபெருக்கியும் மட்டும் ஓடும். முந்திய ஆண்டு அப்படி ஓடி ஓடி, கடைசி நிறுத்தமான பக்கத்துத் தோட்டத்து எல்லையில் பேட்டரி செத்துவிட்டது. அந்தத் தோட்டத்து டிராக்டர்தான் அம்மனோடு லோரியை இழுத்து வந்திருக்கிறது. இந்த ஆண்டும் நின்றால் அடுத்த ஆண்டிலிருந்து ரதம் டிராக்டருக்குத்தான் என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார். பதினோரு ஆண்டுகளாக அம்மனை ஓட்டி வந்தவர் அண்ணன்.

"வேற எது போனாலும் பரவால்ல லா தம்பி. அந்த ஸ்டீரிங் போச்சுன்னா திருவிழாவுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?" என்றார்.

இரண்டாவது பேட்டரி ஒன்று வைக்க முடிவு செய்தோம். பழையது எஞ்சினைக் கிளப்ப மட்டும். புதியது விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும். இரண்டுக்கும் நடுவே தடித்த கேபிள், அதில் ஒரு சுவிட்சு. லோரி ஓடும்போது சுவிட்சைச் சேர்த்துவைத்தால் இரண்டிலும் சார்ஜ் ஏறும். நின்றதும் பிரித்துவிட்டால் விளக்குகள் புதிய பேட்டரியை மட்டும்தான் தின்னும். போர்ட் கிள்ளானில் மீன்பிடிப் படகுகளுக்குச் சாமான் விற்கும் கடையில் சிவப்புக் கைப்பிடியோடு அந்தச் சுவிட்சு கிடைத்தது. இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தட்டு பற்றவைத்து, அடியில் ரப்பர் போட்டு, லோரி எவ்வளவு குதித்தாலும் அசையாதபடி பேட்டரியைப் பட்டையால் இறுக்கினேன். கேபிள் உரசும் இடங்களுக்கெல்லாம் ரப்பர்க் குழாய் மாட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அண்ணன் பக்கத்திலேயே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். ஒருமுறைகூடச் சரியான அளவை எடுத்துக் கொடுக்கவில்லை. "டாக்டர், உசுருக்கு ஆபத்து இல்லயே?" என்று அரை மணிக்கொரு தரம் கேட்டார்.

திருவிழா நாளில் என்னையும் வரச்சொல்லியிருந்தார். மாலையில் போய்ச் சேர்ந்தேன். லோரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கைப்பிடியில் மஞ்சள் கயிறு சுற்றி, சட்டத்தோடு சேர்த்து முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தது.

"அண்ணே, இது என்ன?"

"காப்புடா தம்பி. காலையில பூசாரி கட்டுனாரு. போன வருசம் ஸ்டீரிங்ல கட்டுனது அறுந்துபோச்சு, அதான் லோரி நின்னுச்சுன்னு எல்லாரும் பேசுனாங்க. இந்தத் தடவ ஆடாத இடமாப் பாத்து நானே காட்டுனேன்."

"அது ஆடணும்ணே. அதுதானே சுவிட்சு."

காப்பை மறுநாள்தான் அவிழ்ப்பார்கள். அதற்கு முன் யாரும் தொட முடியாது. சுவிட்சோ சேர்ந்த நிலையில் கட்டுண்டு கிடந்தது. அப்படியே விட்டால் விளக்குகள் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே குடித்துவிடும். அண்ணனின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு உதடு துடித்தது. இருவரும் லோரிக்குப் பின்னால் போய், வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். தலைவர் திரும்பிப் பார்த்ததும் பக்தியோடு கைகூப்பிக்கொண்டோம்.

கயிற்றைத் தொட முடியாவிட்டாலும் கேபிளைத் தொடலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பானெட்டைத் திறந்து, பழைய பேட்டரியிலிருந்து அந்தக் கேபிளைக் கழற்றித் துணியில் சுற்றி வைப்பேன். லோரி கிளம்பியதும் மறுபடி மாட்டுவேன். கூட்டத்துக்கு நடுவில், அத்தனை பேர் கண் முன்னால்! முதல் நிறுத்தத்தில் கற்பூரத் தட்டோடு வந்த ஓர் அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, எஞ்சினுக்கும் காட்டணுமா?" என்றார். பதில் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டேன். அதன்பின் எல்லா நிறுத்தத்திலும் நான் பானெட்டைத் திறந்தவுடன் தட்டு எஞ்சினுக்கு வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் யாரோ தேங்காயும் உடைத்தார்கள்.

"இது என்ன பூசாரி, புது முறையா?" என்றார் தலைவர்.

"வாகனத்துக்கும் செய்யணும்ல," என்றார் பூசாரி, தமக்கு முன்பே தெரிந்ததுபோல.

கடைசி நிறுத்தம். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் தயாராக நின்றது. "அண்ணே, இழுக்கக் கயிறு கொண்டாந்திருக்கேன்!" என்று அதன் ஓட்டுநர் கத்த, கூட்டம் சிரித்தது. அங்கே பூசை நீண்டது. விளக்குகள் மங்கின. ஒலிபெருக்கியில் பாட்டு இழுத்து இழுத்து முனகியது. புதிய பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. லோரி உறுமிக் கிளம்பியது. கேபிளை மாட்டினேன், ரதம் முழுவதும் பளிச்சென்று எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். "கயித்த வீட்டுக்குக் கொண்டு போ தம்பி, துணி காயப்போடலாம்!" என்று அண்ணன் டிராக்டர்காரரிடம் கத்தினார்.

தலைவர் லோரியின் கதவருகே வந்து, சேறு தெறித்த பக்கப்பலகையைத் தடவிப் பார்த்தார். "அடுத்த வருசத்துக்கு இதுக்கு ஒரு பெயின்ட் அடிச்சி வையி," என்றார். அண்ணன் ஹாரனை ஒரு நீண்ட அழுத்து அழுத்தினார்.

இப்போது அந்த வேலைக்கு உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வந்துவிட்டது. தானே சேர்க்கும், தானே பிரிக்கும். நானே எத்தனையோ வண்டிகளுக்குப் பொருத்திவிட்டேன். அதற்கு யாரும் கற்பூரம் காட்டியதில்லை.

அந்தத் திருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை. கடைக்குப் போய் ஒரு வேனுக்கு ஹாரன் மாற்றினேன்.