அறுபத்திரண்டு கிராம்

நாங்கள் சுடுவது ஆப்பிள் பை. மாவுக்குள் ஆப்பிள் கூழை அடைத்து, மேலே இன்னொரு மாவால் மூடி, சுட்டு, அட்டைப் பெட்டியில் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவோம். நான் பெட்டி மடிக்கிறவள். என்னோடு வேலை செய்கிற அக்காவுக்கு லேபிள் அறை. பெட்டியின் பின்பக்கம் கட்டம் கட்டி, கொழுப்பு இத்தனை, சர்க்கரை இத்தனை, மாவுச்சத்து இத்தனை என்று பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அதை ஒருத்தரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் பதினோரு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கிராம் அக்கா என்று பெயர் வைத்ததும் நான்தான். டீ நேரத்தில் ஒரு பிஸ்கட்டை நீட்டினால்கூட, "இதுல ஆறு கிராம் மாவுச்சத்து" என்பாள். வாயில் போட்டது தொண்டையில் இறங்காது. எரிச்சலில் ஒருநாள் சொன்னேன், ஒட்டிக்கொண்டது. அவள் மகளுக்கு ஆறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. வெட்கமாகிவிட்டது எனக்கு. பெயரை மாற்றப் பார்த்தேன். "இருக்கட்டும்டி, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டாள்.

அந்த மகளுக்கு இப்போது பதினாறு. எதைச் சாப்பிட்டாலும் அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, பத்து கிராமுக்கு ஒரு யூனிட் வீதம் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரையும் அந்த மாவுச்சத்துக் கணக்கில்தான் சேரும். ஊசி குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். கூடினால் மளமளவென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, ஆள் மயங்கி விழும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பத்து வருஷமாகக் கத்தி மேல் நடக்கிறவள் அக்கா. அவள் வீட்டில் தராசில் ஏறாமல் ஓர் உருளைக்கிழங்குகூட அடுப்புக்குப் போகாது.

அப்படிப்பட்டவள் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த மாதம் கூழில் போடுகிற சர்க்கரையைப் பாதிக்கு மேல் குறைத்தார்கள். ஒரு பையில் அறுபத்திரண்டு கிராமாக இருந்த மாவுச்சத்து நாற்பதுக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய எண் அச்சடித்த பெட்டிகள் நாலாயிரம் மீதி இருந்தன. பழசு தீராமல் புதுப் பெட்டியை எடுக்கிற வழக்கம் எங்கள் இடத்தில் கிடையாது. சர்க்கரை கூடியிருந்தால் மேனேஜரே பயந்திருப்பார். "குறைஞ்சுதானே இருக்கு? சாப்பிடறவங்களுக்கு நல்லதுதானே?" என்றார். நானும் அதானே என்று தலையாட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். வீட்டு நினைப்பே அவளுக்கு வரவில்லை. எங்களில் யார் வீட்டுக்கும் பை போவதில்லை. நாளெல்லாம் அந்த வாசனையில் நிற்கிறவர்களுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும்.

வேலை நேரத்தில் செல்போன் கூடாது, வாசல் அலமாரியில் பூட்டிவிட வேண்டும். கையெழுத்துப் போட்டுச் சில நாள் கழித்து, இரண்டு மணி இடைவேளையில்தான் அக்கா தன் போனை எடுத்தாள். மகளிடமிருந்து செய்தி. படித்துச் சிரித்துவிட்டு என்னிடமும் காட்டினாள்.

"ஃப்ரெண்டு பர்த்டேக்கு உங்க ஃபேக்டரி பை வாங்கிக் குடுத்தா. ஒண்ணு முழுசா சாப்பிட்டேன். 62 கிராமுக்கு ஊசி போட்டாச்சு. நீ செக் பண்ண நம்பர்தானே, அதான் தைரியமா சாப்பிட்டேன். ஒன்றரைக்கு பரீட்சை. போன் ஆஃப்."

சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஏய், அறுபத்திரண்டாடி?" என்று என்னைக் கேட்டாள், நான் ஏதோ மாற்றிச் சொல்லிவிடுவேன் என்பது போல. செய்தி வந்தது பன்னிரண்டு ஐம்பதுக்கு. நாலு யூனிட் போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டிருக்கிறாள் பெண்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்கூட எண்ணை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். அலுவலக கிளார்க் எடுத்தார்.

"சார், பதினொண்ணாவது பி செக்‌ஷன், பரீட்சை ஹால்ல சர்க்கரை நோய் இருக்கற பொண்ணு, என் பொண்ணு இருக்கா. உடனே ஏதாவது ஜூஸ் குடுக்கணும் சார்!"

"பரீட்சை நடக்குதும்மா. முடிஞ்சதும் குடுக்கச் சொல்றேன்."

"அதுவரைக்கும் தாங்க மாட்டா சார். பை சாப்பிட்டிருக்கா, அதுல சர்க்கரை கம்மி!"

"கம்மியா இருந்தா நல்லதுதானேம்மா?"

நாங்கள் எல்லாரும் சொன்ன அதே வார்த்தை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, போனைப் பிடுங்கினேன். "யோவ், அந்தப் பொண்ணு அங்க செத்துக்கிட்டிருக்கா, எந்திரிச்சு ஓடுய்யா!" பள்ளிக்கூடத்தில் பேசுகிற பேச்சில்லைதான். ஆனால் நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. போனைக்கூட வைக்காமல் ஓடிவிட்டார் மனிதர்.

போனைக் காதில் வைத்தபடியே டாக்ஸியில் ஏறினோம். மறுமுனையில் ஆளில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம், எங்கோ வேறொரு போன் அடிக்கிற சத்தம், அவ்வளவுதான். அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடி மறுநாளும் வலித்தது. "நாலுதான் போட்டிருக்கணும், நாலுதான்டி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது கதவைத் திறந்துகொண்டு இறங்கப் பார்த்தாள். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். ஒரே ஒரு பெண். அவளுக்கு ஒன்றென்றால் அக்கா அதற்கப்புறம் இருக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூச்சிரைக்கிற குரல் ஒன்று வந்தது. "அம்மா, இருக்கீங்களா? பாத்துட்டேன். மேஜைல தலைய சாய்ச்சிருந்துச்சு. தூங்குதுன்னு டீச்சர் விட்டுட்டாங்க. இப்ப ஜூஸ் குடிக்குதும்மா. அம்மா வராங்களான்னு கேக்குது."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். டாக்ஸிக்காரர் பாவம், என்னவென்று கேட்கவும் முடியாமல் வேகத்தைக் கூட்டினார்.

பள்ளிக்கூடத்தின் மருத்துவ அறையில் ஒடுக்கமான கட்டிலில் அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. கையில் இரண்டாவது கிளாஸ் ஜூஸ். சர்க்கரை ஏறிவிட்டது, இனி பயமில்லை என்றாள் நர்ஸ். அம்மாவைக் கண்டதும் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சாரிம்மா. எங்க தப்பு விட்டேன்னே தெரியல. பெட்டிய மூணு தடவ படிச்சேன். இனிமே நீயே கணக்கு போட்டுக் குடு. நான் தனியா எதையும் சாப்பிடல."

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நானாக இருந்தால் இருந்திருப்பேன், ஒளிப்பானேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவள் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"உன் கணக்கு சரி கண்ணு. பெட்டில போட்டிருந்த நம்பர்தான் பொய். பொய்னு தெரிஞ்சே கையெழுத்து போட்டது நான்தான்."

பெண் திட்டுவாள், கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அப்போ என்ன மாதிரி வேற யாராவது இன்னைக்கு வாங்கியிருந்தா? அவங்க அம்மாவுக்கு இது எப்படிம்மா தெரியும்?"

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி மேனேஜரைக் கூப்பிட்டாள். "கடைக்குப் போன பெட்டி ஒண்ணு விடாம திரும்பி வரணும் சார். இன்னைக்கே. நீங்க சொல்லலன்னா ஒவ்வொரு கடையா ஏறி நான் சொல்வேன்."

எத்தனை போயிருக்கும் என்று மேனேஜர் கேட்டது எனக்கும் கேட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டாயிரத்து அறுநூறு," என்றேன். அத்தனையும் நான் மடித்தவை.