குப்புறப் படுக்காத வகுப்பு

என் வாயில் எதுவும் தங்காது. இது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே நான் நடத்திய யோகா வகுப்புக்கு வந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட என்னிடம் போய் ஒருத்தி ரகசியம் சொன்னாள்! இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடவென்று வருகிறது.

சாயங்காலம் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். காலை வகுப்பு முழுக்க நம்மூர்ப் பெண்கள். சேரும்போது ஒரு பாரம் கொடுப்பேன். வயது, என்ன வியாதி, என்ன ஆபரேஷன், எத்தனை பிரசவம் என்று எல்லாம் அதில் எழுத வேண்டும். எனக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் அப்படித்தான் கேட்கச் சொன்னார்கள். வாங்கி எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. மளிகைக் கடையில் பில் குத்துகிற கம்பி இருக்குமே, அதில் ஒன்று வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டி, எல்லாவற்றையும் குத்திவிட்டேன். சீக்கிரம் வருகிறவர்களுக்கு அதுதான் வாரப்பத்திரிகை. “அடிப்பாவி, நாப்பதுன்னு சொன்ன, இங்க நாப்பத்தாறுன்னு போட்டிருக்க!” என்று ஒருத்தி கத்துவாள், ஹாலே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். போதாததற்கு வகுப்பு நடுவில், “மூலம் இருக்கறவங்க இதச் செய்யாதீங்க” என்று உரக்கச் சொல்வேன். எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அம்மா ஒரு மாதத்தில் நின்றுவிட்டார். வீட்டில் வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வருவார்கள். கிரிவலப் பாதையில் அவர்களுக்குப் பூஜை சாமான் கடை. மாமியார் பேச ஆரம்பித்தால் கீழே ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். மருமகள் அதற்கு நேரெதிர். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஒருநாள் மாமியார் கீழே யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது, அவள் மேலே குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், நாள் தள்ளிப் போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துட்டோம். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். லேசா மூச்சுப் பயிற்சி மட்டும் செய்யலாம்னு டாக்டர் சொன்னாங்க. பாரத்துல எழுதிடாதீங்க. அத்தைக்குத் தெரியக் கூடாது.”

“ஐயோ, எவ்ளோ சந்தோஷமான விஷயம்! அத்தைகிட்ட ஏன்டி மறைக்கிற?”

“ரெண்டு தடவ கலைஞ்சிருக்கு டீச்சர். ரெண்டு தடவையும் அத்தை மொத வாரமே ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அப்புறம் கற்பூரம் வாங்க வந்தவங்ககூட துக்கம் விசாரிச்சாங்க. ஒவ்வொருத்தருக்கா நான் பதில் சொன்னேன். இந்தத் தடவ மூணு மாசம் முடியற வரைக்கும் எனக்கே எனக்குன்னு இருக்கட்டும். கிளாஸுக்கு வராம நின்னா அத்தை கண்டுபுடிச்சுடுவாங்க.”

அவள் போன பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவளை மட்டும் “நீ செய்யாதே” என்றால் ஹால் திரும்பும், பக்கத்துப் பாயில் இருக்கும் மாமியார்தான் முதலில் திரும்புவார். மூலக்கார அம்மா ஏன் நின்றார் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது. கம்பியிலிருந்து பாரங்களை எல்லாம் உருவிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலையில் அறிவித்தேன். “இனிமே யாரும் குப்புறப் படுக்க வேணாம். யாரும் வயித்த முறுக்க வேணாம். எல்லாரும் உக்காந்து மூச்சு விடுங்க, போதும்.”

பிடித்துக்கொண்டார்கள். “ஏன் டீச்சர், நாங்க என்ன கிழவிங்களா?” என்றாள் ஒருத்தி. “பாரத்த வேற பீரோவுல பூட்டிட்டாங்க. நம்ம வயசு என்ன தங்கமா?” என்றாள் இன்னொருத்தி. புதுப் பாடத்திட்டம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மருமகள் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் சிரிப்பை அடக்கித் துடித்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது!

எல்லாம் பௌர்ணமி வரைக்கும்தான். முந்தின நாள் மாமியார் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “நாளைக்கு இவளையும் கூட்டிக்கிட்டு மலை சுத்தப் போறேன். ஒரு குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். வெறுங்கால்லயே முழுசும் நடந்துட்டு வரணும்.”

மருமகள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன்.

“நம்ம பேட்ச்ல யாரும் இந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகக் கூடாது! மூட்டு தேஞ்சிடும்!”

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலுக்கு நேரே மலையை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு வார்த்தை! “வாயக் கழுவுங்க டீச்சர்!” என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள். திட்டாதவர் மாமியார் ஒருத்தர்தான். என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் படியிறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் தனியாக மேலே ஏறி வந்தார். பையை மறந்துவிட்டாராம். பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தன மாசம்?” என்றார்.

“யாருக்கு?” என்றேன். என் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

“குப்புறப் படுக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, மலை சுத்தக் கூடாது. நானும் புள்ள பெத்தவதான் டீச்சர்.” தோளிலிருந்து பையை இறக்கி வைத்தார். “போன ரெண்டு தடவையும் நான்தான் தமுக்கு அடிச்சேன். அவ மூலையில உக்காந்து அழுதத நான்தான் பாத்தேன். நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவளா எப்போ சொல்றாளோ சொல்லட்டும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.”

பௌர்ணமிக்கு மாமியார் தனியாகவே நடந்தார். டீச்சர் மூட்டு தேயும் என்கிறார், நீ கடையைப் பார்த்துக்கொள் என்று மருமகளை உட்கார வைத்துவிட்டாராம். எனக்கோ இப்போது ஒன்றுக்கு இரண்டு ரகசியம்! வாரக்கணக்கில் அவர்கள் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள். யாராவது முனகினால் மாமியார்தான் முந்திக்கொள்வார். “டீச்சர் சொன்னா காரணம் இருக்கும், கம்முனு செய்!” நான் வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்று மாதம் தாண்டிய பிறகு ஒரு காலை, மருமகள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “நேத்து அத்தைகிட்ட சொல்லிட்டேன் டீச்சர்! அவங்க அதிர்ந்துபோனதப் பாக்கணுமே! கையில இருந்த தட்டையே கீழ போட்டுட்டாங்க!”

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து மாமியார் என்னைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர். நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“எனக்கு யாரும்மா சொன்னாங்க?” என்றேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னேன். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஹால் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்தது. மாமியாரும் குப்புறப் படுத்தபடியே மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பி, அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத அளவுக்கு மெதுவாகக் கேட்டார்.

“இப்ப நான் சொல்லட்டுமாடி?”

அவள் தலையாட்டினாள். அதன் பிறகு மாமியார் போட்ட சத்தம் செங்கம் ரோடு முழுக்கக் கேட்டது.